முதற்பந்தியின் நிலுவை



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, உப்புவெளிக் கடற்கரையில் வலையிழுத்தவர்கள் தத்தம் பங்கு மீனை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வேளையில், என்னிடம் முன்பு வணிகக் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தார். அவர் கையில் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கை இருந்தது. தாயாரின் கையில் ஒரு வங்கிப் புத்தகம் இருந்தது.

அவருடைய தந்தையார் துறைமுகத்தில் நெடுங்காலம் தொழில் பார்த்தவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். ஊழியர் சேமலாப நிதியும் பிற கொடுப்பனவுகளுமாக வந்த பணத்தில், கடன்களையெல்லாம் தீர்த்தபின் எட்டு இலட்சம் ரூபா எஞ்சியிருந்தது. இவ்வாண்டு மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கின்றாள். அவளுடைய தங்குமிடத்துக்கும் உணவுக்கும் மாதந்தோறும் பணம் அனுப்பவேண்டும். அந்தப் பணத்துக்கு வழி தேடியே தாயும் மகனும் வந்திருந்தனர்.

"சேர், இந்தக் கம்பனி இம்முறை 40 இலட்சம் ரூபாவைப் பங்கிலாபமாகப் பகிரப்போகின்றது. சாதாரண பங்குகள் 5 இலட்சம். ஆகவே பங்கொன்றுக்கு 8 ரூபா. பங்கின் சந்தை விலை 40 ரூபா. எட்டு இலட்சத்துக்கும் 20,000 பங்குகள் வாங்கினால் வருடத்துக்கு 160,000 ரூபா வரும். மாதத்துக்குப் பதின்மூவாயிரத்துக்கு மேல். தங்கச்சியின் செலவுக்குப் போதும்" என்றார் மாணவர்.

"முன்னுரிமைப் பங்காளர் எவரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கின்றார்கள் சேர். 100 ரூபாப் பங்கு ஒரு இலட்சம், 10 வீதம். அவர்களுக்குப் 10 இலட்சம் போனாலும் மிகுதி 30 இலட்சம் இருக்கின்றதே. பங்கொன்றுக்கு 6 ரூபா நிச்சயம்."

"கணக்குகளின் பின்னால் உள்ள குறிப்புகளைப் படித்தீரா?"

மாணவர் பதில் கூறவில்லை. தாயார் மகனுடைய முகத்தைப் பார்த்தார். நான் அறிக்கையை வாங்கிப் பின்பக்கங்களைப் புரட்டினேன். சிறிய எழுத்தில் இரண்டே வரிகள் இருந்தன. அந்த இரண்டு வரிகளைப் பற்றியே இக்கிழமை எழுதுகின்றேன். கம்பனியின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. எண்களையும் கணக்குச் செய்வதற்கு இலகுவாகச் சிறிது மாற்றியிருக்கின்றேன்.

முன்னவரும் பின்னவரும்

கம்பனியொன்றிற் பங்கு வாங்குபவர் யாவரும் அதன் உரிமையாளரே. எனினும், உரிமையாளர் யாவரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. சாதாரண பங்காளர் கம்பனியின் வாழ்வு தாழ்வு இரண்டிலும் முழுப் பங்கு கொள்பவர். இலாபம் பெருகினால் அவருக்கு எல்லை இல்லை. இலாபம் இல்லையேல் அவருக்கு ஒன்றுமில்லை. முன்னுரிமைப் பங்காளரோ, "எனக்கு இத்தனை வீதம் போதும், ஆனால் எனக்குத் தந்தபின்பே மற்றவருக்குத் தரவேண்டும்" என்று முன்னரே பேசிக்கொண்டு பணம் கொடுத்தவர். அவருக்குப் பெரும்பாலும் பொதுக் கூட்டத்தில் வாக்கு இருப்பதில்லை.

திருமண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதற்பந்தியார் உண்டு எழுந்த பின்பே இரண்டாம் பந்திக்கு இலை போடுவர். முதற்பந்தியாருக்கு இலைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. இரண்டாம் பந்தியாருக்கு அளவு இல்லை. அண்டாவில் எவ்வளவு மிஞ்சினும் அவர்களுக்கே. மிஞ்சாவிடின், கையைத் துடைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். முன்னுரிமைப் பங்காளர் முதற்பந்தியார். சாதாரண பங்காளர் இரண்டாம் பந்தியார்.

ஒரே கம்பனியிற் பலவகைப் பங்குகள் இருப்பதற்குத் திருகோணமலையிலேயே உதாரணம் உண்டு. 1982இல் நிறுவப்பட்டுச் சீனக்குடாப் பகுதியில் ஆலை அமைத்த டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் சாதாரண பங்குகள் வாக்குரிமையுள்ளவை, வாக்குரிமையற்றவை என இருவகையாகக் கொழும்புப் பங்குச் சந்தையிற் கைமாறுகின்றன. இரண்டும் சாதாரண பங்குகளே. ஆயினும் உரிமை வேறு; அதனால் விலையும் வேறு. ஆகவே 'பங்கு' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் திருப்தியடைந்துவிடாது, என்ன வகைப் பங்கு, அதற்கு என்ன உரிமை என்று கேட்டறிவதே முதலாவது பாடம்.

முன்னுரிமைப் பங்கின் பயனை அறிவதற்கு நம் அயல்நாட்டு வரலாறு ஒன்றைக் கூறலாம். 1907இல் டாட்டா இரும்பு உருக்குக் கம்பனி தொடங்கப்பட்டபோது, இலண்டனிற் பணம் திரட்ட முயன்று கைகூடாமற் பம்பாய்க்குத் திரும்பினார்கள். அங்கே மூன்று கிழமைகளுள், ஏறக்குறைய எண்ணாயிரம் இந்தியர் வேண்டிய மூலதனத்தைத் தந்தனர். அம்மூலதனம் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 75 ரூபாச் சாதாரண பங்குகள் 2 இலட்சம். 150 ரூபாப் பெறுமதியும் 6 வீத உரிமையும் கொண்ட திரளும் முன்னுரிமைப் பங்குகள் 50,000. இவ்விரண்டுக்கும் பின்னால் நிற்கும் 30 ரூபாப் பின்னுரிமைப் பங்குகள் 22,500. ஆகமொத்தம் 2 கோடி 31 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா.

முன்னுரிமை மூலதனம் மாத்திரம் 75 இலட்சம். அதற்கு 6 வீதமெனில் ஆண்டுக்கு 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா முதற்பந்திக்குரியது. ஆலையில் முதன்முதல் இரும்பு உருகி ஓடியது 1911இல். உருக்கு வார்க்கப்பட்டது 1912இல். காட்டை வெட்டி, உலை அமைத்து, பொருளை விற்று இலாபம் காண இத்தனை ஆண்டுகள் செல்லும் ஒரு தொழிலுக்கு, அச்சமுடைய ஒருவர் எப்படிப் பணம் கொடுப்பார்? "இலாபம் இல்லாத ஆண்டின் பங்கிலாபம் அழிந்துபோகாது, அது சேர்ந்துகொண்டே வரும்" என்ற உறுதி அவருக்கு வேண்டும். அவ்வுறுதியே 'திரளும்' என்ற அடைமொழியின் பொருள்.

இங்கிலாந்தின் நீதிமன்றமும் 1857இல், வட பெரும் புகையிரதக் கம்பனி சம்பந்தமான வழக்கொன்றில் இதே கொள்கையை நிலைநாட்டியது. மாறாக ஏதும் கூறப்படாவிடின், முன்னுரிமைப் பங்கிலாபம் திரளும் தன்மையுடையது என்றே கொள்ளப்படும். எனினும், நம் வாசகர்கள் ஊகத்தை நம்பி இராமல், கம்பனியின் அமைப்பு விதிகளையும் பங்கு வழங்கிய நிபந்தனைகளையும் படித்தறிதலே நன்று.

நான்கு ஆண்டுக் கணக்கு

மாணவர் கொண்டுவந்த கம்பனியின் கணக்குக்கு வருவோம். முன்னுரிமை மூலதனம் ஒரு கோடி. ஆண்டுக்கு உரிய பங்கிலாபம் 10 இலட்சம். சாதாரண பங்குகள் 5 இலட்சம்.

முதலாம் ஆண்டில் 15 இலட்சம் பகிர்ந்தனர். முன்னுரிமையாளருக்கு 10 இலட்சம். மிகுதி 5 இலட்சம் சாதாரண பங்காளருக்கு. பங்கொன்றுக்கு 1 ரூபா.

இரண்டாம் ஆண்டில் நட்டம். எவருக்கும் ஒன்றுமில்லை. முன்னுரிமையாளரின் நிலுவை 10 இலட்சம்.

மூன்றாம் ஆண்டிற் சிறிது இலாபம். 4 இலட்சம் பகிர்ந்தனர். அது முழுவதும் முன்னுரிமையாளருக்கே சென்றது. பழைய நிலுவை 10, அவ்வாண்டுக்கு உரியது 10, ஆக 20 இலட்சத்தில் 4 இலட்சம் கிடைத்தது. எஞ்சிய நிலுவை 16 இலட்சம். சாதாரண பங்காளருக்கு ஒன்றுமில்லை.

நான்காம் ஆண்டில் நல்ல இலாபம். 40 இலட்சம் பகிர எண்ணினர். முதலில் நிலுவை 16 இலட்சம். பின்பு அவ்வாண்டுக்குரிய 10 இலட்சம். ஆக 26 இலட்சம் முன்னுரிமையாளருக்கு. மிகுதி 14 இலட்சத்தை 5 இலட்சம் பங்குகளுக்குப் பிரித்தால், பங்கொன்றுக்கு 2 ரூபா 80 சதம்.

எட்டு ரூபா என்று தொடங்கியவர் ஆறு ரூபாவுக்கு இறங்கினார். இறுதியில் 2 ரூபா 80 சதத்திலே வந்து நின்றார். அவர் வாங்க எண்ணிய 20,000 பங்குகளுக்கு ஆண்டுக்கு 56,000 ரூபா. மாதத்துக்கு 4,700 ரூபாவும் இல்லை. அறிக்கையின் பின்பக்கத்திலிருந்த இரண்டு வரிகள் கூறியது இதுதான்: திரளும் முன்னுரிமைப் பங்குகளுக்கு இன்னும் அறிவிக்கப்படாத நிலுவைப் பங்கிலாபம் 16 இலட்சம்.

அப்பங்குகள் திரளாதவையாக இருந்திருப்பின், இரண்டாம் ஆண்டில் இழந்ததும் மூன்றாம் ஆண்டிற் குறைந்ததும் முன்னுரிமையாளருக்கு என்றென்றைக்கும் போனதாகவே முடியும். அப்போது நான்காம் ஆண்டில் அவர்களுக்கு 10 இலட்சம் மாத்திரம். சாதாரண பங்காளருக்கு மாணவர் சொன்ன அதே 6 ரூபா. ஒரேயொரு அடைமொழி பங்கொன்றுக்கு 3 ரூபா 20 சதத்தை ஒரு பந்தியிலிருந்து மறு பந்திக்கு மாற்றிவிடுகின்றது.

ஏட்டில் ஏறுவது எப்போது?

"சேர், 16 இலட்சம் கொடுக்க இருக்கின்றதென்றால் அது கடன் அல்லவா? ஐந்தொகையிற் பொறுப்புகளின் கீழ் ஏன் காட்டவில்லை? அங்கே காட்டியிருந்தால் நான் கண்டிருப்பேனே" என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆண்டுதோறும் என் வகுப்பில் ஒருவரேனும் இதனைக் கேட்பதுண்டு.

வங்கியிற் கடன் வாங்கினால், காலம் செல்லச் செல்ல வட்டி தானே ஊறிக்கொண்டிருக்கும். இலாபம் வந்ததா இல்லையா என்று வங்கி கேட்பதில்லை. பங்கிலாபம் அத்தகையதன்று. உரிய முறைப்படி அறிவிக்கப்படும் வரை அது எவருக்கும் கொடுக்கவேண்டிய கடன் ஆகாது. திரளும் முன்னுரிமையாளர் வரிசையில் முன்னே நிற்கும் உரிமையைப் பெற்றிருக்கின்றாரேயன்றி, "இன்றே தா" என்று கேட்கும் உரிமையைப் பெறவில்லை. ஆதலால் அறிவிக்கப்படாத நிலுவைக்கு ஏட்டிற் பதிவு இல்லை. ஆயினும் அதனை மறைத்துவிடவும் முடியாது. எவ்வளவு நிலுவை என்று குறிப்பிற் கூறியே ஆகவேண்டும் என்பது கணக்கீட்டு நியமம்.

பங்கிலாபம் அறிவிக்கப்பட்ட அன்றுதான் பதிவு பிறக்கின்றது. பிடித்துவைத்த இலாபக் கணக்கை வரவு வைத்து, செலுத்தவேண்டிய பங்கிலாபக் கணக்கைச் செலவு வைப்பர். முன்னுரிமைக்கு 26 இலட்சம், சாதாரணத்துக்கு 14 இலட்சம் எனத் தனித்தனியே காட்டுதல் சிறப்பு. பணம் கொடுக்கும் நாளில், செலுத்தவேண்டிய பங்கிலாபக் கணக்கை வரவு வைத்து, வங்கிக் கணக்கைச் செலவு வைப்பர். ஆண்டு முடிந்தபின் அறிவிக்கப்பட்ட பங்கிலாபத்தை முடிந்த ஆண்டின் பொறுப்பாகக் காட்டுதல் ஆகாது என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 10இன் விதி.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. குறித்த ஒரு நாளில் கம்பனி கட்டாயமாகப் பணம் கொடுத்து மீட்கவேண்டிய முன்னுரிமைப் பங்கு, பெயரளவிற் பங்காயினும் இயல்பிற் கடனே. அதனைப் பொறுப்பாகவே காட்டவேண்டும் என்று நியமம் 32 கூறுகின்றது. அத்தகைய பங்கின் பங்கிலாபமும் வட்டியைப் போல நிதிச் செலவாகும். சட்டையைப் பார்த்து ஆளை மதிப்பிடலாகாது என்பது கணக்கீட்டுக்கும் பொருந்தும்.

நிற்க. பணிப்பாளர் சபை விரும்பினால் எவ்வளவும் பகிரலாமோ என்றால், அதுவுமில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பகிர்வதற்கு முன் கடன் தீர்க்கும் திறனைச் சோதிக்கவேண்டும் என்கின்றது. அச்சோதனைக்கு இரண்டு பகுதிகள். வழமையான தொழில் நடப்பிற் கடன்களை அவ்வப்போது தீர்க்கக் கம்பனிக்கு இயலவேண்டும். அன்றியும், அதன் சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளும் குறிப்பிட்ட மூலதனமும் சேர்ந்த தொகையிலும் கூடுதலாக இருக்கவேண்டும். பந்தி விசாரிப்பவர் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டே இலை போடவேண்டும் என்பதே இதன் கருத்து.

கம்பனிக்கு இலாபம், பங்காளருக்கு நட்டம்

மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. பங்கொன்றுக்கான உழைப்பு என ஒன்றைக் கம்பனிகள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. இலாபத்திலிருந்து முன்னுரிமைக்கு உரியதைக் கழித்து, மிகுதியைச் சாதாரண பங்குகளின் தொகையாற் பிரிப்பதே அது. திரளும் முன்னுரிமையாயின், அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அவ்வாண்டுக்குரிய பங்கிலாபத்தைக் கழித்தே ஆகவேண்டும் என்பது நியமம் 33.

நமது கம்பனி மூன்றாம் ஆண்டில் ஈட்டிய இலாபம் 6 இலட்சம். முன்னுரிமைக்கு உரியது 10 இலட்சம். ஆகவே சாதாரண பங்காளருக்கு 4 இலட்சம் குறைவு. பங்கொன்றுக்கு 80 சதம் நட்டம். கம்பனி இலாபம் ஈட்டிய அதே ஆண்டிற் சாதாரண பங்காளர் நட்டப்பட்டிருக்கின்றார். இதில் முரண்பாடு ஏதுமில்லை. அவர் முன்னால் நிற்பவருடைய உரிமை அவர் தலைமேல் வளர்ந்துகொண்டிருக்கின்றது, அவ்வளவே.

நான்காம் ஆண்டின் இலாபம் 45 இலட்சம். இதிலிருந்து எவ்வளவு கழிப்பது? கொடுத்தது 26 இலட்சம் ஆயிற்றே என்று 26ஐக் கழிப்பவர் பலர். அது தவறு. பழைய நிலுவையான 16 இலட்சம் அந்தந்த ஆண்டிலேயே கழிக்கப்பட்டுவிட்டது. அதனை மறுபடியும் கழித்தால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகும். ஆகவே இவ்வாண்டுக்குரிய 10 இலட்சத்தை மாத்திரம் கழிக்க மிகுதி 35 இலட்சம். பங்கொன்றுக்கு 7 ரூபா. உழைப்பு 7 ரூபா. கைக்கு வருவது 2 ரூபா 80 சதம். இரண்டும் சரியான எண்களே. பத்திரிகையில் 7 ரூபா என்ற எண்ணைக் கண்டு மகிழ்பவர், இரண்டாவது எண்ணையும் கேட்டறிதல் வேண்டும்.

கொடாதவரை என் செய்வது?

ஆண்டுக்கணக்காகப் பங்கிலாபம் கொடாத கம்பனியை முன்னுரிமையாளர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமா? இதற்கும் வழி செய்திருக்கின்றார்கள். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பங்கிலாபம் கிடைக்காத முன்னுரிமையாளர், கம்பனியின் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்கும் உரிமை பெறுவர்.

அமெரிக்காவிலே 2008இல் வங்கிகள் ஆட்டங்கண்டபோது, அந்நாட்டு அரசாங்கமே பெரிய வங்கிக் கம்பனிகளிற் பணம் போட்டுத் திரளும் முன்னுரிமைப் பங்குகளை வாங்கிற்று. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 5 வீதம். அதன்பின் 9 வீதம். நிலுவை இருக்கும் வரை சாதாரண பங்காளருக்குப் பங்கிலாபம் கொடுத்தலாகாது. ஆறு காலாண்டுகள் தவறினால், பணிப்பாளர் இருவரைத் தெரிவு செய்யும் உரிமை அரசாங்கத்துக்கு. மக்களின் வரிப்பணத்தை இரண்டாம் பந்தியில் உட்கார வைக்க அவர்கள் விரும்பவில்லை.

தாயாரின் கேள்வி

இவ்வளவையும் நான் தாளில் எழுதி விளக்கிக்கொண்டிருக்கையில், தாயார் ஒரு வார்த்தையும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் இருபது ஆண்டுகள் அயலவரைச் சேர்த்துச் சீட்டு நடத்தியவர். எவர் முன்னால் எடுத்தார், எவர் பின்னால் எடுப்பார், எவருக்கு எவ்வளவு நிலுவை என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்திருக்கும்.

"மாஸ்ரர், அப்படியென்றால் அந்த முன்னுரிமைப் பங்கையே வாங்கிவிட்டால் என்ன? நிலுவை எப்படியும் வந்துசேரும்தானே?" என்று மகன் கேட்க வேண்டியதைத் தாயார் கேட்டார்.

"வரும் அம்மா, கம்பனி நிலைத்து நின்று, இலாபமும் ஈட்டி, அறிவிக்கவும் செய்தால் வரும்."

"பிந்தி வந்ததற்கு வட்டி தருவார்களோ?"

"சிறப்பாக நிபந்தனை இல்லாவிட்டால் தரமாட்டார்கள்."

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பிள்ளைக்கு மாதாமாதம் சாப்பாட்டுக் காசு அனுப்பவேண்டும் மாஸ்ரர். நாலாம் வருடம் எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தால், இரண்டாம் வருடம் அவள் எதைச் சாப்பிடுவாள்?" என்றார்.

வாசகர்களே, பல ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பிக்கும் நான் இத்தனை சுருக்கமாக இதனை எடுத்துரைத்ததில்லை. திரளும் உரிமை தொகையைக் காக்கும், காலத்தைக் காக்காது. நமது நான்கு ஆண்டுக் கணக்கில் முன்னுரிமையாளருக்கு உரிய 40 இலட்சமும் ஒரு சதம் குறையாமற் கிடைத்தது. ஆயினும் கிடைத்த முறை எது? 10, பின்பு ஒன்றுமில்லை, பின்பு 4, பின்பு 26. காத்திருக்க வசதியுள்ளவருக்கு இது குற்றமில்லை. மாதந்தோறும் கை நீட்டி நிற்கும் குடும்பத்துக்கு இது ஆகாது.

காலம் பணத்தை அரிக்கும் என்பதை நம் நாட்டவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022 செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். முந்தின ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுத்தோம். அத்தகைய காலத்தில் இரண்டு ஆண்டு பிந்தி வரும் 10 ரூபா, எண்ணிற் பத்தாயினும் சந்தையிற் பத்து அன்று. கணக்கேடு எண்ணைத்தான் காட்டும். உப்பு விலையைக் காட்டாது.

பங்கு வாங்குதல் தீது என்பது என் கருத்தன்று. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கி, ரூபா 25 வீதம் 40,000 பங்குகள் என்று அறிவித்தபோது, அப்பங்கை வாங்கியவர்கள் வீட்டுச் செலவுக்கு வழி தேடி வாங்கவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே நம்மவர் கப்பல் ஓடவேண்டும் என்று வாங்கினார்கள். 1911இல் அக்கம்பனி கலைக்கப்பட்டது. எந்த நோக்கத்தோடு பணம் போடுகின்றோம், எத்தனை காலம் காத்திருக்க முடியும், இழந்தால் தாங்குவோமா என்ற மூன்றையும் முன்னரே தம்மைத் தாமே கேட்டுக்கொள்பவருக்குப் பங்கு ஒரு நல்ல கருவி. நாட்டின் தொழில்கள் அதனாலேயே வளர்ந்தன. கொழும்பிலே 1896ஆம் ஆண்டிலிருந்தே பங்கு வியாபாரம் நடைபெற்று வருகின்றது.

நான் அவர்களுக்குக் கூறிய யோசனை எளியது. மகளின் நான்கு ஆண்டுப் படிப்புக்கு வேண்டிய பணத்தை வங்கியில், மாதந்தோறும் வட்டி தரும் நிலையான வைப்பில் இடுங்கள். போதாதவிடத்து முதலிலிருந்தும் சிறிது எடுத்து அனுப்புங்கள். படிப்புக்குச் செலவான முதல் வீண்போனதன்று. மகன் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விரும்பினால் அதனாற் சிறுகச் சிறுகப் பங்கு வாங்கிப் பழகட்டும். அப்போது இழந்தாலும் தங்கையின் தட்டிலிருந்து எதுவும் குறையாது.

மாணவருக்குச் சற்று ஏமாற்றந்தான். "அப்போ சேர், இந்த அறிக்கை?" என்றார். "அதனை வைத்திருந்து அடுத்த ஆண்டின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாரும். நிலுவை தீர்ந்தபின், 30 இலட்சம் பகிர்ந்தாலும் முன்னுரிமைக்குப் 10 போக 20 இலட்சம் மிஞ்சும்; பங்கொன்றுக்கு 4 ரூபா. குறைவாகப் பகிர்ந்தும் சாதாரண பங்காளர் கூடுதலாகப் பெறுவார். வாங்குவதானால் அதனையும் எண்ணிப் பார்த்து வாங்கும்" என்றேன். தாயார் வங்கிப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தார். மறுவாரமே வைப்பு இட்டுவிட்டதாகவும் மகள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டதாகவும் அறிந்தேன்.

மாணவர்க்கு

உயர்தர வகுப்பிற் கணக்கீடு பயிலும் மாணவர்கள் பின்வரும் பயிற்சியைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு கம்பனியின் 8 வீதத் திரளும் முன்னுரிமை மூலதனம் 50 இலட்சம். சாதாரண பங்குகள் 2 இலட்சம். சென்ற இரண்டு ஆண்டுகளும் பங்கிலாபம் அறிவிக்கப்படவில்லை. இவ்வாண்டு 15 இலட்சம் பகிரப்படுகின்றது. ஒவ்வொரு வகுப்பினருக்கும் எவ்வளவு?

முன்னுரிமைக்கு ஆண்டுக்கு 4 இலட்சம். மூன்று ஆண்டுகளுக்கு 12 இலட்சம். மிகுதி 3 இலட்சம். சாதாரண பங்கொன்றுக்கு 1 ரூபா 50 சதம். விடை வேறாக வந்தால், எந்த ஆண்டின் நிலுவையை மறந்தீர்கள் என்று பாருங்கள். அதே கணக்கைத் திரளாத பங்குகளுக்கும் செய்து, விடை ஏன் 5 ரூபா 50 சதமாக மாறுகின்றது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். கணக்குத் தெரியாதவர் என்று நாம் எண்ணும் ஒருவர் நம்மிடம் திருப்பிக் கேட்கும் கேள்வியிலேதான் பல வேளைகளில் உண்மையான பாடம் தொடங்குகின்றது.

பணமாகக் கொடாமற் பங்காகவே கொடுக்கும் பங்கிலாபத்தைப் பற்றி அடுத்த கிழமை ஆராய்வோம்.